கூந்தன்குளம் காட்டும் வழி

(கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைக் கண்டு திரும்பிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற பங்குனித் திங்களில் நாம் கூந்தன்குளம் சென்று வந்தோம். பறவை பார்ப்பது வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று புறப்படும்போது சிலர் நகைத்தீர்கள். திரும்பும்போது ஒருவரும் நகைக்கவில்லை. நாம் கண்டவற்றை நமது ஊர் நன்மையோடு பொருத்திப் பார்ப்பதே இன்று என் நோக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். 1994ஆம் ஆண்டு அது சரணாலயமாயிற்று. 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகப் பின்னர் அது சேர்க்கப்பெற்றது. ஆயினும் அரசின் ஆணை வருவதற்கு நெடுநாள் முன்பே பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் மக்களே. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களிலும் நாரைகள் அச்சமின்றிக் கூடு கட்டியிருந்ததை நீங்களே கண்டீர்கள்.

இளவேனில் தொடங்கும் அவ்வேளையில் குளத்தில் இருவகை இயக்கம் நிகழ்கிறது. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்து முதலியவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்புகின்றன. நம் நாட்டிலேயே வாழும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் குஞ்சுகளுக்கு இரை தேடி ஓயாது பறக்கின்றன. விடியற்காலையில் தாய்ப்பறவை வந்து இறங்கியதும், அதன் அகன்ற அலகுப் பைக்குள் குஞ்சு தன் தலையையே நுழைத்து மீனை எடுத்த காட்சியை எளிதில் மறக்க இயலுமோ?

இப்பறவைகள் நீர் சூழ்ந்த மரங்களை நாடுவதற்குக் காரணம் உண்டு. அடியில் நீர் நிற்கும்வரை நாயும் பூனையும் கீரியும் கூட்டை அணுகுவது அரிது. கூழைக்கடா முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கும் நிலை எய்த ஏறத்தாழ நான்கு திங்கள் ஆகும். அதற்குள் நீர் வற்றினாலோ மரம் வீழ்ந்தாலோ அவ்வாண்டின் குஞ்சுகள் அனைத்தும் அழியும்.

“ஐயா, இதனால் உழவனுக்கு என்ன பயன்?” என்று கரையின்மீது ஒரு பெரியவர் கேட்டார். நேர்மையான கேள்வி. பறவைகள் பல கல் தொலைவிலுள்ள குளங்களிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு, கூடுள்ள குளத்திற்கு வந்து எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. ஆகவே, சுற்றுவட்டாரத்தின் உரம் ஒரே குளத்தில் வந்து சேருகிறது. குளம் வற்றியபின் அவ்வண்டலைக் கூந்தன்குளத்து உழவர் வயலுக்கு எடுத்துச் செல்கின்றனர். மேலும் உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியைத் தின்கிறது; நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. மீனையும் பறவைகள் தின்னவே செய்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆயின் வரவையும் செலவையும் சேர்த்தன்றோ கணக்குப் பார்க்க வேண்டும்?

இவ்விடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, ஒரு குளத்தின் கருவேல மரங்களை மாசித் திங்களில் ஏலம் விடுவதற்கு நானே பரிந்துரை செய்தேன். ஊராட்சிக்குப் பணம் தேவையாயிருந்தது. மரங்களில் கூடுகள் இருப்பதை நான் போய்ப் பார்க்கவில்லை. வெட்டு நடந்த மறுநாள் சென்றபோது, இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. பள்ளிச் சிறுவர் சிலர் அவற்றைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தனர். ஒன்றும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு குளம் நிறைந்தது; பறவை வரவில்லை. நான் அங்கிருந்து மாற்றலாகும்வரையிலும் வரவில்லை. ஏலத்தில் வந்த தொகை ஓராண்டில் செலவாகிவிட்டது.

அன்பர்களே! அதே போன்றதொரு தீர்மானம் இப்போது நம்முன் உள்ளது. நமது பெரியகுளத்து மரங்களை இக்கோடையில் ஏலம் விடலாமா என்பதை நீங்கள் முடிவு செய்யவிருக்கிறீர்கள். மரமே வெட்டக்கூடாது என்று நான் கூறவில்லை. என் வேண்டுகோள்கள் நான்கு. குளத்தின் நடுவிலுள்ள நாட்டுக் கருவேல மரங்களை விட்டுவிடுங்கள். கரையோரம் படர்ந்த சீமைக் கருவேலை அகற்றி வருவாய் தேடலாம். எந்த மரமாயினும் குஞ்சுகள் பறந்தபின்னரே வெட்ட வேண்டும். மடை திறக்கும் முறையை வகுக்கும்போது, பயிரின் தேவையோடு குளத்தின் நடுவே கொஞ்சம் நீர் நிற்பதையும் கருதுங்கள். கூடுகட்டும் காலத்தில் குளக்கரையில் வேட்டும் வெடியும் வேண்டா.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. பள்ளிச் சிறுவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். வாரந்தோறும் நீர்மட்டம் எவ்வளவு, கூடுகள் எத்தனை, புதிதாய் வந்த பறவை எது என்று அவர்கள் எழுதட்டும். தொலைவில் நின்று, ஓசையின்றிப் பார்க்கப் பழக்குங்கள். மூன்றாண்டுக் கணக்கு கையிலிருந்தால், ஊராட்சி மன்றம் ஊகத்தால் அன்றி உண்மையால் முடிவு செய்யலாம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டுமென்று வேடந்தாங்கல் உழவர் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். அவர்கள் நம்மைப் போன்ற உழவர்களே. தீர்மானத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நாள் விடியலில் நமது குளக்கரைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். மரங்களை அண்ணாந்து பார்த்தபின் முடிவு செய்வோம்.