பூச்சியம் என்றால் நில்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி, பழைய மாணவிகளுக்கும் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



இந்த உரையை எழுதியவர்கள் நாங்கள் மூவர். இங்கே கணிதப் பிரிவில் ஒன்றாகப் படித்து, இன்று மூன்று வெவ்வேறு நாடுகளில் ஒரே வகை வேலையைச் செய்கிறோம். வாசிப்பது ஒருத்தி, மற்ற இருவரும் முன்வரிசையில் இருந்து பிழை பிடிக்கக் காத்திருக்கிறார்கள்.

என்ன வேலை என்று உறவினர் கேட்டால், தொழிற்சாலை இயந்திரங்களின் பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதுகிறோம் என்போம். “ஓ, கொம்பியூட்டர் வேலை” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். உண்மையில் எமது நேரத்தில் பெரும்பகுதி ஓர் அட்டவணையை நிரப்புவதில் போகிறது. இடப்பக்கத்தில் சமிக்ஞை: எந்த அட்டை, எத்தனையாவது முனை. வலப்பக்கத்தில் மாறி: அந்தச் சமிக்ஞைக்கு நிரலில் நாம் வைக்கும் பெயர். பார்ப்பவருக்குக் கிளாக்கர் வேலை போலத்தான் இருக்கும். ஆனால் ஒருவருடைய கை இருக்குமா போகுமா என்பது பல வேளைகளில் இந்த அட்டவணையில்தான் தீர்மானமாகிறது. ஆகவே இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

தகடு வெட்டும் அழுத்தியந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு காப்புக் கதவு, பின்னால் ஒன்று, மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் போன்ற அவசர நிறுத்தப் பொத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் வயர்கள் கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு அட்டைக்கு வருகின்றன. கட்டுப்படுத்திக்குக் கதவு தெரியாது, கை தெரியாது. தன் முனையில் 24 வோல்ற்று இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். அந்த ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் பொருள் கொடுப்பது நாம்.

இனி ஒரு கேள்வி. கதவு திறந்திருக்கும்போது ஒன்று வர வேண்டுமா, மூடியிருக்கும்போது ஒன்று வர வேண்டுமா? சாதாரண புத்திக்கு இரண்டும் ஒன்றுதான். உண்மை அட்டவணையில் ஓர் எதிர்மறைக் குறியைப் போட்டால் சரியாகிவிடும். வயர் அறும்வரை சரி. எலி கடித்தாலும், அதிர்வில் திருகாணி கழன்றாலும், மின்வழங்கி பழுதானாலும் முனைக்கு வருவது பூச்சியம்தான். “கதவு திறந்தது” என்று மாறிக்குப் பெயர் வைத்து, ஒன்று என்றால் ஆபத்து என்று நாம் எழுதியிருந்தால், அறுந்த வயர் “கதவு திறக்கவில்லை” என்று என்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் இயந்திரம் ஓடும். ஆகவே பாதுகாப்பான நிலையில் மின்னோட்டம் பாயும்படி, மூடிய தொடுகையைத்தான் வைப்போம். மாறிக்குப் பெயர் “முன்கதவு மூடியுள்ளது”. ஒன்று என்றால் ஓடலாம். பூச்சியம் என்றால், காரணம் எதுவானாலும், நில்.

வெறும் “கதவு” என்று பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நிரலை இரவு இரண்டு மணிக்குத் திறந்து பார்க்கும் பராமரிப்புக்காரருக்கு, ஒன்று என்பது திறந்ததா மூடியதா என்று யார் சொல்வது? பெயர் ஒரு முழு வசனமாக இருக்கவேண்டும் என்பதில் நாங்கள் மூவரும் பிடிவாதக்காரிகள். (விதிவிலக்கும் உண்டு. தீயணைப்பு நீரைத் திறந்துவிடும் சில ஒழுங்குகள் மின் கொடுத்தால்தான் இயங்கும். அங்கே வயர் அறுந்ததா என்று தனியாகக் கண்காணிக்கவேண்டும்.)

அவசர நிறுத்தப் பொத்தானில் ஒரு தொடுகையை நம்புவதில்லை. இரண்டு தொடுகைகள், இரண்டு வயர்கள், இரண்டு முனைகள். இரண்டும் குறித்த நேரத்துக்குள் ஒன்றுபோல மாறாவிட்டால் கட்டுப்படுத்தி பழுது என்று எடுத்து நிறுத்திவிடும். ஆனால் அட்டவணையில் இரண்டு வாய்க்கால்களுக்கும் ஒரே முனையைக் குறித்துவிட்டால்? ஒரே ஆளை இரண்டு சாட்சியாகக் கூப்பிட்ட கதைதான்: இருவரும் எப்போதும் ஒத்துப்போவார்கள். இரண்டு வயர்களும் உறை தேய்ந்து ஒன்றோடொன்று முட்டினாலும் இதே கதிதான் என்பதால், ஒவ்வொரு வயரிலும் வெவ்வேறு நேரத்தில் மிகச் சிறிய இடைவெட்டு ஒன்றை அனுப்பிப் பார்ப்பார்கள். ஒன்றின் இடைவெட்டு மற்றதில் தெரிந்தால் முட்டிவிட்டது என்று பொருள்.

உயர்தரத்தில் தர்க்கப் படலை படிக்கும் தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஒன்று, பூச்சியம் என்ற இரண்டு பெறுமானம் மட்டும் எடுக்கும் மாறிக்கு நிரல் மொழிகளில் ஜோர்ஜ் பூலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2006 இல் பிஎல்சி ஓப்பன் என்ற அமைப்பு, பாதுகாப்புச் சமிக்ஞைகளுக்கென்று ‘சேஃப்பூல்’ என்ற தனி வகையை வெளியிட்டது. அதன் அழகு இதுதான்: பாதுகாப்பு மாறியோடு சாதாரண மாறியை ‘அன்ட்’ படலையில் சேர்க்கலாம், ‘ஓஆர்’ படலையில் சேர்க்க முடியாது. ‘அன்ட்’ இல் சாதாரண சமிக்ஞை செய்யக்கூடியது நிறுத்துவது மட்டுமே. ‘ஓஆர்’ இல் அது, கதவு நில் என்று சொல்லும்போதும் ஓடவிடும். நீங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கும் அந்த அட்டவணை இங்கே ஒருவருடைய விரலைக் காக்கிறது.

பூச்சியத்தைத் தவறான பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் துறைக்குப் பக்கத்துத் துறையில் ஒரு துயரமான உதாரணம் உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985 இற்கும் 1987 இற்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் அதனால் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர், சிலர் இறந்தனர். முந்திய தெராக்-20 இல் இருந்த தனி மின் இடைப்பூட்டுகளைக் கைவிட்டு, காவலில் பெரும்பகுதியை நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1987 ஜனவரியில் வொஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நடந்த விபத்தின் மூலகாரணம் ஒரேயொரு மாறி. பூச்சியம் அல்லாவிட்டால் பாகங்கள் சரியான இடத்தில் உள்ளனவா என்று சரிபார். பூச்சியம் என்றால் சரிபார்க்கத் தேவையில்லை. அந்த மாறிக்கு நிலையான ஒரு பெறுமானம் கொடுக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு பிற்று மாறி 255 இற்கு மேல் போகாது. 256 ஆவது சுற்றில் பூச்சியத்துக்குத் திரும்பும். இயக்குநர் பொத்தானை அழுத்தியது தற்செயலாக அந்தக் கணத்தில். சரிபார்ப்பு நடக்கவில்லை, கதிர் பாய்ந்தது. எங்கள் அட்டவணையில் பூச்சியம் என்றால் நில். அங்கே பூச்சியம் என்றால் போ.

அட்டவணை சரியா என்று எப்படித் தெரியும்? திரையைப் பார்த்துத் தெரியாது. ஒருத்தி திரையடியில் நிற்க, மற்றவள் கதவடிக்கு நடந்துபோய்க் கதவைக் கையால் திறக்கவேண்டும். இரண்டு அழுத்திகள் அருகருகே இருந்து, அவற்றின் கதவுகளுக்கான முனைகள் அட்டவணையில் இடம்மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஓடவிட்டு முதலாவதின் கதவைத் திறந்தால் ஏதோ ஒன்று நிற்கும் சத்தம் கேட்கும்; சரி என்று அடையாளம் போடத் தோன்றும். நின்றது இரண்டாவது. கை போவது முதலாவதற்குள். ஆகவே ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்ப்போம். அலுப்பான வேலைதான். அவசரப்படுத்தும் மேலாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பதில் ஒரு புன்சிரிப்பு.

எங்கள் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தடியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்குள்ள அழுத்திகள் பலவற்றில் கணினி எதுவும் இல்லை, இரண்டு கையாலும் அழுத்தும் இரண்டு பொத்தான்கள் மட்டும் இருக்கும். அதில் ஒன்றை ஒட்டுநாடாவால் அழுத்திக் கட்டிவைத்திருப்பதைக் கண்டால், நீங்கள் எந்த வேலைக்குப் போயிருந்தாலும், தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள்.

சோதனை எல்லாம் முடிந்ததும் கட்டுப்படுத்தி தன் பாதுகாப்பு நிரலுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தரும். அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவோம். பின்னர் எவராவது ஒரு மாறியை வேறு முனைக்கு மாற்றினால் எண்ணும் மாறும், நாங்கள் மீண்டும் கதவடிக்குப் போவோம். ஆனால் நிரலைத் தொடாமல், வெளியே இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டினால் எண் அப்படியே இருக்கும். அது வயரை அறியாது. அதனால் அந்தப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுப்பதில்லை. மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில், பேனாவோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வருகிறோம், திருகாணி கழற்றுபவர் அங்கேயே எழுதட்டும் என்று.

முன்வரிசையில் இருவரும் கையை உயர்த்திவிட்டார்கள். தங்கைகள் முதலில் கேளுங்கள்.