பலகைக்கும் இடம் வேண்டும்

மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் மரத்தளத்துக்குப் பதிலாக, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைகளைப் பதிக்கிறோம். கரையான் எளிதில் அண்டாது, ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வெயில் ஊரில் இந்தத் தளம் நீடிப்பது, பலகையின் விலையைவிடப் பதிக்கும் முறையைப் பொறுத்தது. மரம் வெப்பத்தால் நீளவாக்கில் மிகச் சிறிதே விரியும். பிளாஸ்டிக் கலந்த பலகை பல மடங்கு விரியும். விடியற்காலையிலிருந்து உச்சிவெயிலுக்குள் பலகையின் சூடு 30 டிகிரி ஏறினால், 3 மீட்டர் பலகை ஏறக்குறைய 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளும். இடம் விடாமல் சுவரோடு ஒட்டிப் பதித்தால், அது வளைந்து எழும்பும். சூட்டில் பிளாஸ்டிக் இளகுவதால், அடிச்சட்டங்களும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

இடைவெளி விட்டால் அழகு கெடும், குப்பை சேரும் என்பார்கள். குப்பையைப் பெருக்கிவிடலாம், வளைந்த பலகையை நிமிர்த்த முடியாது. மழைநீர் வடிவதும் அடியில் காற்று ஓடுவதும் அந்த இடைவெளியால்தான். வெறுங்காலில் சுடுமே என்பது நியாயமான கேள்வி. அடர்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சும். இளநிறம் சூட்டைக் குறைக்கும், ஆனால் போக்கிவிடாது. ஆகவே மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, நண்பகல் வெயிலில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். நிழலுக்கும் ஒரு பந்தல் போடுங்கள். வெயிலை மதித்துப் பதித்த தளமே நிலைக்கும்.