கீழ்த்தளக் கடைகளை யாருக்குக் கொடுப்பது?

(பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வளாகத்தின் கீழ்த்தளத்தில் உள்ள எட்டுக் கடைகளுக்கும் அடுத்த மாதம் வாடகைதாரர்களை முடிவு செய்ய வேண்டும். எட்டையும் ஒரே ஜவுளிக்கடை கேட்கிறது. வாடகையும் கூடுதலாகத் தருகிறது. "கொடுத்துவிட்டால் என்ன?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அந்த ஒருவர் காலி செய்தால் எட்டு ஷட்டரும் ஒரே நாளில் இறங்கிவிடும். அப்புறம் பராமரிப்புக்கு நாம்தான் கைக்காசு போட வேண்டும்.

அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வரலாம் என்று சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் இல்லாமல் போனது. நம் கடைகளோ இன்னும் சங்கத்தின் கையில் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையை ஒரே கையெழுத்தில் விட்டுவிட வேண்டாம்.

என் யோசனை இதுதான். தினமும் ஆள் வரும் மளிகை, மருந்துக் கடை, பால் பூத் முதலில். பிறகு தையல்காரர், சலூன். உணவகம் என்றால் ஓரக் கடை மட்டும். புகைக்குழாய் மொட்டைமாடி வரை போக வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியாது. 11 மாத ஒப்பந்தத்தை நம்பி யாரும் கடைக்குள் பணம் போடமாட்டார்கள். மூன்று வருடம் கொடுத்து, முறையாகப் பதிவு செய்வோம்.

வாடகை கொஞ்சம் குறையும். ஆனால் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க நம் வீட்டுப் பெரியவர்கள் சாலையைக் கடக்க வேண்டியிருக்காது. வாக்களிக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.