வெறும் பாக்குதானே என்று இருக்க வேண்டாம்
மூத்தோருக்கான வாய்ச் சுகாதார உரை



கல்யாணம், பூசை, விருந்து என எதிலும் வெற்றிலைத் தட்டு இருக்கும். அந்த மரியாதையை விடச் சொல்லவில்லை. நாள்தோறும் பாக்கு மெல்லும் பழக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது.

கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் புரத நார்களால் ஆன ஒரு வலை இருக்கிறது. அதில் முக்கியமானது கொலாஜன். கன்னம் மெத்தென்று விரிந்து கொடுப்பது இந்த வலையால்தான். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கொலாஜனை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. பாக்கின் செம்புச் சத்து அந்த நார்களை இறுகப் பிணைக்கிறது. நாளடைவில் கன்னம் வெளுத்து, விறைத்து, வாய் திறப்பதே சிரமமாகிறது. இந்த நிலை சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம்.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை” என்று பலர் சொல்வார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

உள்தோலுக்கும் அடியிலுள்ள வலைக்கும் நடுவே மெல்லிய புரதப் படலம் ஒன்று உண்டு. புற்றுநோய் அணுக்கள் அதை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். பிறகு கழுத்துக்குப் பரவலாம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள்:

• ரசமோ சம்பலோ பட்டால் முன்பைவிட அதிகமாக எரிகிறதா?
• வாய் முன்போல் திறக்கிறதா? பல் உள்ளவர்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கலாம்.
• வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா?
• இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா?
• கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். பல்லே இல்லாதவர்களும் போகலாம். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. எத்தனை வருடப் பழக்கம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

விறைத்துப்போன கன்னம் பழையபடி முழுதாக இளகுவது அரிது. ஆனாலும் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதும் புற்றுநோய் ஆபத்தும் குறையும். சாப்பிட்டபின் வாய் எதையாவது தேடினால் சோம்போ ஏலக்காயோ மெல்லுங்கள். எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு.