மலைக்கு ஏறுகிற பணம் எங்கே இறங்குகிறது?

(கோவையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊட்டியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, ஏறக்குறைய எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நீலகிரி ஜில்லாவில் பிறந்து, பிழைப்புக்காகக் கீழே இறங்கி வந்தவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசையைப் பாருங்கள், எத்தனை கைகள்! நான் இன்று பேச வந்த விஷயமே அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

சுற்றுலா வளர்ந்தால் மலை வாழும் என்கிறார்கள். படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். பயணி ஒருவர் நூறு ரூபாய் செலவழிக்கிறார். ஓட்டல்காரர் அதில் காய்கறி வாங்குகிறார், காய்கறிக்காரர் துணி வாங்குகிறார், துணிக்கடைக்காரர் ஆளுக்குக் கூலி கொடுக்கிறார். இப்படிக் கை மாறி மாறி நூறு ரூபாய் இருநூறு ரூபாய் வேலையைச் செய்யுமாம். இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் பணம் கை மாறுவது மலையிலேயே நடந்தால்தான் மலைக்காரனுக்குப் பலன்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் புறப்படுகிறது என்று வையுங்கள். பெட்ரோல் சமவெளியிலேயே போட்டாகிவிட்டது. அறையைச் செல்போனில் பதிவு செய்தார்கள். அந்தக் கம்பெனி ஏதோ ஒரு பெரிய நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கமிஷன் எடுத்துக்கொள்கிறது. காட்டேஜ் முதலாளி பல இடங்களில் வெளியூர்க்காரர். அரிசி, எண்ணெய், சோப்பு, மெத்தை எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் ஏறுகின்றன. கடைசியில் மலையில் தங்குவது என்ன? ரூம் பாயின் சம்பளம், துணி வெளுக்கிற அம்மாளின் கூலி, டாக்ஸி டிரைவரின் சவாரி, ரோட்டோரம் கேரட் கட்டி விற்கிறவரின் சில்லறை, வர்க்கி சுடுகிறவரின் கூலி. ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் 'கசிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டைக் குடம் என்றால் நமக்குப் புரியும்.

சந்தேகம் இருந்தால் ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2001-ல் நீலகிரி ஜில்லாவின் ஜனத்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருஷத்தில் ஏறக்குறைய 27,000 பேர் குறைந்துவிட்டார்கள்! அதே பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 6 கோடி 24 லட்சத்திலிருந்து 7 கோடி 21 லட்சமாக ஏறியது. அந்த மலையில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. 2005-ல் மலை ரயிலுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்ததும் இந்தப் பத்து வருஷத்துக்குள்தான். பார்க்க வருகிறவர் கூட்டம் ஏறியது, வாழ்கிறவர் கூட்டம் இறங்கியது.

ஏன் இறங்கினார்கள்? தேயிலையிடம் கேட்க வேண்டும். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. 2022-ல் அந்த டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. சிறு விவசாயி கதை வேறு. நீலகிரித் தேயிலைக்குச் சோவியத் நாடு பெரிய வாடிக்கையாக இருந்தது. 1991-ல் அது போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டது. நாலு கிலோ கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். கொழுந்து விலை கட்டாத அரை ஏக்கர்காரரிடம் காட்டேஜ் கட்ட ஆள் வந்து நிலம் கேட்டால் அவர் என்ன செய்வார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊட்டி பிறந்த விதமே இப்படித்தான். கோவைக் கலெக்டர் சல்லிவன் 1822-ல் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். தோடர்களின் மேய்ச்சல் நிலம் சொற்ப விலைக்குக் கை மாறியது. 1870-க்குப் பிறகு கோடை வந்தால் சென்னை சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிற்று. துரைமாரைச் சுமந்துகொண்டு ஏறிய கூலிகள்தான் இந்த மலையின் முதல் சுற்றுலாத் தொழிலாளர்கள். ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் போனது. இன்று அந்தப் பாதையில் ஓடுகிற எஞ்சின்களில் சில 2011-க்குப் பின் நம் பொன்மலைப் பட்டறைத் தொழிலாளர்கள் செய்து கொடுத்தவை. வெளிநாட்டில் வாங்கிய பழைய எஞ்சினைப் பார்த்து, இங்கேயே செய்தார்கள். இதை எந்த வழிகாட்டியும் பயணிகளுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன். 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு கணக்கு வைக்கப்பட்டது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் மலையேறுகின்றன. சீசன் இல்லாத நாளில் சுமார் 2,000. பத்துக்கு ஒன்று! ஓர் ஆலையில் இரண்டு மாதம் பத்துத் தறி ஓடி, மீதி மாதமெல்லாம் ஒரு தறிதான் ஓடும் என்றால் அங்கே நிரந்தர வேலை கேட்க முடியுமா?

குன்னூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நான் தங்குவதுண்டு. அந்த அம்மாள் கொழுந்து பறிக்கிறார். மகன் ஒரு லாட்ஜில் ரூம் பாய். படுக்கை மாடிப்படிக்குக் கீழே, விழிப்பு விடியற்காலை நாலு மணிக்கு, வெந்நீர் வாளியோடு. பி.எஃப். கிடையாது, வாரவிடுமுறை கிடையாது. ஜூன் பிறந்ததும் "அடுத்த சித்திரையில் வா" என்று சொல்லிவிட்டார்கள். தாய் வேலை செய்யும் தோட்டத்துக்கு 1951-ல் ஒரு சட்டம் வந்தது. வீடும் ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காப்பகமும் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவன் என்று அதில் எழுத வைத்தோம். அது எவ்வளவு நிறைவேறியது என்பது தனிக் கதை. கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருந்தது. மகனிடம் வேலைக்குச் சேர்ந்ததற்கே காகிதம் கிடையாது.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: "தண்ணிக்கு நாங்க குடம் தூக்குற மாசத்துலதான் சாமி, அவங்க குளிக்க வர்றாங்க." வெயில் காலமும் சீசனும் ஒன்றாக வருகின்றன. இதைவிடச் சுருக்கமாக எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் சொல்லிவிட முடியாது.

நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் வைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பு போட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போனது. நல்ல காரியம்தான். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் செத்ததைப் பார்த்த மலை அது. ஆனால் தாங்குதிறன் என்று ரோட்டையும் வண்டியையும் மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை அறை, அந்த அறைகளில் எத்தனை பேர் வேலை, அதில் எத்தனை பேருக்கு வருஷம் முழுவதும் சம்பளம், அந்தச் சம்பளத்தில் ஊட்டியில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியுமா என்பதையும் எண்ணிப் போட வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் லாட்ஜின் முன் வாசலில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் பின் வாசலுக்கும் வர வேண்டும். அங்கே பதில் சொல்ல ஆள் திரட்டி வைப்பது நம் வேலை.

சீசனில் எடுக்கும் ஆளுக்கும் பெயர்ப் பதிவும் குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் கேட்போம். சென்ற வருஷம் வேலை செய்தவனுக்கே இந்த வருஷம் முதல் அழைப்பு என்று கேட்போம். கரும்பு ஆலையில் சீசன் தொழிலாளிக்கு இது புதிதல்ல. லாட்ஜ் முதலாளிக்குத்தான் புதிதாக இருக்கும்.

"அப்படியானால் நாங்கள் ஊட்டிக்கே போகக்கூடாதா?" என்று முன்வரிசைத் தோழர் கேட்கிறார். தாராளமாகப் போங்கள். துரைமார் மட்டும் பார்த்த மலையை நூற்பாலைத் தொழிலாளி பிள்ளைகுட்டியோடு பார்ப்பதில் எனக்கு சந்தோஷம்தான். சர்க்கார் பஸ்ஸில் போங்கள், அதற்கு இ-பாஸ் கூடத் தேவையில்லை. கேரட் விற்கிற அம்மாளிடம் பேரம் பேசாதீர்கள். ரூம் பாயிடம் சம்பளம் எவ்வளவு, எங்கே படுக்கிறாய் என்று கேளுங்கள். கேட்டதை வந்து என்னிடம் சொல்லுங்கள்.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன மே மாதம் தாயைப் பார்க்க நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனானாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனான். உட்காரும் இடத்திலெல்லாம் ஊட்டி பார்க்கப் போகிறவர்கள்.