வாயில்லா ஜீவனுக்கு ஒரு சீப்பு



மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கடற்காற்றின் ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுதும் கலந்து நிற்பதால், நாய்களைப் பற்றும் உண்ணிகளுக்குச் சென்னை நகரத்தில் ஓய்வு காலமே கிடையாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுவரிடுக்கில் இட்டு மடிவதாலும், உண்ணிக் கடியால் எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தில் புகுந்து ஜுரமும் சோகையும் உண்டாக்குவதாலும், தினந்தோறும் ரோமத்தைச் சீப்பால் வாரி, செவியின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பரிசோதிப்பதை நித்திய கர்மமாகவே கொள்ள வேண்டும்.

அவ்வாறு வாருகையில் தோலின் இயற்கை எண்ணெய் ரோமமெங்கும் பரவும்; கட்டியோ புண்ணோ ஆரம்பத்திலேயே கைக்குத் தட்டுப்படும்; தாமதமின்றி, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லலாம்.

வாயில்லா ஜீவனின் நோவை முந்தி அறிவது நம் கடமை. இன்று காலையே பத்து நிமிஷம் அதற்கென ஒதுக்குங்கள்.