இடிமழைக் காற்றும் மூச்சும்



2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்னில் வீசிய இடிமழைக் காற்றினால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோருள் தெற்காசிய வழியினர் மிகுதி.

ரை புல்லின் மகரந்தமணி ஏறத்தாழ 35 மைக்ரான் பருமனுடையது. மூக்கின் வளைவுகளில் மோதி அங்கேயே தங்கிவிடும். ஈரம் பட்டு அது வெடித்தால் சிதறும் நுண்துகள்கள் 3 மைக்ரானிலும் சிறியவை. காற்றோடு வளைந்து சென்று நுரையீரலின் ஆழத்திற் படிவன. துகளின் பருமனே அது தங்குமிடத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதையே மூச்சுத்தடக் கணிப்பு மாதிரிகள் காட்டுகின்றன.

எனவே, “தும்மல் மட்டுந்தானே, ஆஸ்துமா இல்லையே” என்றிருத்தல் ஆகாது. அன்று பாதிக்கப்பட்டோர் பலருக்கு முன்னர் ஆஸ்துமா இருந்ததில்லை. மகரந்த ஒவ்வாமை உடையோர் இளவேனிலுக்கு முன்பே குடும்ப மருத்துவரை நாடுக. இடிமழைக் காற்று எழும்போது சன்னல்களை அடைத்து உள்ளே இருங்கள். மூச்சுத் திணறினால் தாமதியாது 000 எண்ணை அழையுங்கள்.